துருக்கிக் கம்பளத்துக்குச் சந்தனப் பொட்டு

கையில் ரெக்சின் பை, தோளில் போர்வை. போன வாரம் ஒரு மத்தியானம், சிங்காநல்லூர் குளத்தை ஒட்டி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். பைக்குள் தக்காளி சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலமாக இருந்தன. இன்னும் சூடு ஆறவில்லை. வேலையை விட்டு அனுப்பும்போது சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிற ஊர் வேறு எங்காவது உண்டா?

ஆமாம். வேலை போய்விட்டது.

"மறுபடியுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயம்தான். ஆனால் இதுவரை விட்ட வேலைகளையெல்லாம் நானாக விட்டேன். கால் ஓரிடத்தில் நிற்காது. அது என் வியாதி. இந்த முறை கால் நின்றது. நன்றாகவே நின்றது. அனுப்பிவிட்டார்கள்.

திருடவில்லை. குடிக்கவில்லை. தூங்கி வழியவில்லை. காரணம் ஒரு கம்பளம். அதுவும் துருக்கியிலிருந்து வந்த கம்பளம். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சொல்கிறேன். உங்களுக்குப் பிடிபடுகிறதா பாருங்கள்.

பம்ப் செட் பட்டறை வைத்து முன்னுக்கு வந்த குடும்பம் அது. பெரியவர் பட்டறையை இளைய மகனிடம் ஒப்படைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. மகன் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். வீட்டை நடத்துவது பெரியவரின் மனைவி ருக்மணி அம்மா. நான் வாட்ச்மேன். கேட்டை ஒட்டி எனக்கு ஒரு ரூம். ஃபேன் உண்டு. அதைவிட முக்கியம், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. வெளியில் படுத்துப் பழகியவனுக்குத்தான் அந்தத் தாழ்ப்பாளின் அருமை தெரியும்.

ருக்மணி அம்மாவுக்கு உலகத்தில் ஒரே பயம்தான். மூத்த மருமகள் என்னவோ ஒரு சின்னப் பேச்சில் கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனவர். மூத்த மகனும் கூடவே போய்விட்டார். இப்போது இருப்பது இளைய மருமகள் நித்யா. கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. இந்தப் பெண்ணும் போய்விடக்கூடாது. அதற்காக ருக்மணி அம்மா அந்தப் பெண்ணிடம் பேசுவதே, தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்குகிற மாதிரி இருக்கும்.

நித்யாவும் நல்ல பெண். என்னைக்கூட 'அண்ணா' என்றுதான் கூப்பிடும். அந்தப் பெண் ஆசைப்பட்டு அந்த வீட்டுக்கென்று முதன்முதலாக வாங்கியது இந்தக் கம்பளம். ஆன்லைனில் தேடித் தேடி, மாசக் கணக்கில் காத்திருந்து வாங்கியது. கூரியர் வேன் வந்தபோது நான்தான் இறக்கினேன். பிரித்தால்... பழசு!

பழசு என்றால் நிஜமாகவே பழசு. கையால் நெய்தது, முழுக்கக் கம்பளி. அடர்ந்த சிவப்பு. நடுவில் வளைவு வைத்த வாசல் மாதிரி ஒரு டிசைன். அந்த வாசலுக்குள் வெள்ளையாக ஒரு தொங்குவிளக்கு. கீழே ஒரு பக்கத்தில் ரோமம் தேய்ந்து இரண்டு வழுக்கைகள்.

"கண்ணு, ஏமாத்திப்போட்டாங்களாட்ட இருக்குது. யாரோ பொழங்குனதை அனுப்பிச்சிருக்கறாங்க" என்றார் ருக்மணி அம்மா, வலிக்காத குரலில்.

"இல்லீங்க அத்தை, இது விண்டேஜ். யாரோ முட்டி போட்டு முட்டி போட்டுத் தேஞ்சது. அதுதாங்க இதுக்கு அழகே."

ருக்மணி அம்மா என்னைப் பார்த்தார். நான் கம்பளத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அழகு தெரியவில்லை. கம்பளம் ஹாலில் விரிக்கப்பட்டது.

சிக்கல் பஷீர் பாய் ரூபத்தில் வந்தது.

பஷீர் பாய் மோட்டார் மெக்கானிக். சம்ப் மோட்டார் மக்கர் பண்ணினால் அவர்தான் வருவார். அன்றைக்கும் வந்தார். ஹாலைத் தாண்டிப் போகிறவர், கம்பளத்தின் ஓரத்தில் பிரேக் போட்ட மாதிரி நின்றார். பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றிப் போனார்.

"ஏனுங்க பாய், தாராளமா நடந்து வாங்க. அழுக்கானா தொடச்சுக்கலாம்" என்றார் ருக்மணி அம்மா.

"அதுக்கில்லீங்கம்மா. இது தொழுகை விரிப்புங்க. முசல்லான்னு சொல்லுவோம். எங்க ஊட்டுலயும் இருக்குது. இத்தனை ஜோரா இல்லீங்க, வெல்வெட்டுல."

ருக்மணி அம்மா அந்தக் கம்பளத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். நெருப்பில் நின்றவர் மாதிரி சட்டென்று இறங்கினார். குனிந்து கம்பளத்தைத் தொட்டார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அட முருகா, சாமி கும்பிடறதையா மிதிச்சுப்போட்டேன்!"

பஷீர் பாய் பதறிவிட்டார். "இல்லீங்கம்மா, மிதிச்சாத்தானுங்க... அது மேல ஏறி நின்னுதானுங்க தொழுகோணும்."

"அப்ப மிதிக்கலாமுங்களா?"

"தொழுகறவங்க மிதிக்கலாமுங்க."

"சும்மா போறவங்க?"

பஷீர் பாய் ஸ்பேனரால் தலையைச் சொறிந்துகொண்டார். "அதானுங்க... எனக்கும் ஒரு மாதிரியா இருக்குதுங்க. எதுக்கும் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கேட்டுச் சொல்றேனுங்க."

நானும் யோசித்துப் பார்த்தேன். நமக்குச் சாமி சம்பந்தப்பட்டது என்றால் கால் படக்கூடாது. தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். அவர்களுக்கோ இது காலால் நிற்பதற்கென்றே நெய்தது. கால் வைத்தால் மரியாதையா, வைக்காவிட்டால் மரியாதையா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். படித்த நித்யாவிடமாவது பதில் இருந்ததா? "இது ஒரு ஆர்ட் பீஸ்ங்க அத்தை" என்றது அந்தப் பெண். அதன் மேல் நடக்கலாமா கூடாதா என்பதற்கு அதில் விடை இல்லை.

அன்றிலிருந்து வீடே கம்பளத்தைச் சுற்றி நடந்தது. பெரியவர்கூட டி.வி.க்கும் டாய்லெட்டுக்கும் நடுவில் புது ரூட் போட்டுக்கொண்டார். சொந்தக்காரர்கள் யாராவது தெரியாமல் மிதித்துவிட்டால், ருக்மணி அம்மா அவர்களுக்கும் சேர்த்துத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார். வந்தவர்கள் தங்கள் காலைத்தான் தொடுகிறாரோ என்று பயந்து பின்வாங்குவார்கள். நித்யா மட்டும் வெறுங்காலோடு அதன் மேல் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்க்கும். அப்போதெல்லாம் ருக்மணி அம்மா சமையலறைக்குள் போய்விடுவார். பார்த்தால்தானே சொல்லத் தோன்றும்?

ஆயுத பூஜை வந்தது.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு ஆயுத பூஜையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. லேத்துக்குப் பொட்டு, மோட்டாருக்குப் பொட்டு, கார், சைக்கிள், மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு. அசைகிறது, அசையாதது எதுவும் தப்ப முடியாது. நித்யா லீவுக்குப் பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தது. நான் சந்தனத்தில் மஞ்சளைப் போட்டுக் குழைத்துக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே போக, ருக்மணி அம்மா வைத்துக்கொண்டே வந்தார். ஹாலுக்கு வந்ததும் நின்றார்.

"ஏனுங்க தம்பி, இதுக்கு?"

"தெரியலீங்கம்மா."

"வெளக்கு இருக்குதுங்களே. வெளக்குக்குப் பொட்டு வெக்காம எப்படிங்க உடறது? இத்தனை நாளா மிதிச்சதுக்கு ஒரு மன்னிப்புக் கேட்டாப்பலயும் இருக்கும்."

நானும் அதிலொரு நியாயம் இருப்பதாகத்தான் நினைத்தேன். விளக்கு மேலே தெரியும்படி கம்பளத்தை மடித்துப் பூஜையில் வைத்தோம். அந்த வெள்ளை விளக்கின் நடுவில் மூன்று விரலால் சந்தனம், அதன் மேல் குங்குமம். பார்க்க லட்சணமாகவே இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்குத்தானே எடுக்க வேண்டும்? அதுவரை யாரும் தொடவில்லை. சந்தனம் கம்பளியில் ஊறி, காய்ந்து, பாறையாகிவிட்டது.

மறுநாள் எடுத்து உதறினோம். குங்குமம் உதிர்ந்து விளக்கு முழுக்கப் பரவியது. ருக்மணி அம்மாவின் முகம் மாறியது. ஈரத்துணியால் துடைத்தார். மஞ்சள் அகலமானது. பதற்றத்தில் துணி சோப்பைத் தேய்த்தார். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கை முந்திக்கொண்டது.

"நித்யா பாத்துப்போட்டா என்னாகும் தம்பி? அந்தப் புள்ளை ஆசையா வாங்குன மொத சாமானுங்க..." ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தார். "மூத்தவளும் இப்படித்தானுங்க. ஒண்ணுமே பேசாமப் பெட்டியைக் கட்டுனா."

நித்யா சாயங்காலம் வருவதாக இருந்தது. கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து டிரைகிளீனிங் கடைக்காரர் விரித்துப் பார்த்தார். "சாயம் ஓடிப்போச்சுன்னா நான் பொறுப்பில்லீங்க" என்று அவரே சுருட்டி என் தோளில் திரும்ப வைத்தார். வேறு யாரைத் தெரியும் எனக்கு? டவுன் பஸ் ஏறி உக்கடத்துக்குப் போனேன், பஷீர் பாய் வீட்டுக்கு. பாதி நனைந்த கம்பளத்தில் மழையில் நின்ற ஆட்டின் வாசம். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, உள்ள யாரைச் சுருட்டி வெச்சிருக்கறீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

தொழுகை விரிப்பில் பொட்டு. அந்த மனுஷன் என்ன நினைப்பார்?

பஷீர் பாய் பார்த்தார். அவர் மனைவி ஜரீனாவும் பார்த்தார். ஜரீனா வாயைப் பொத்திக்கொண்டார். கோபமா, சிரிப்பா? தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

"எங்க கடை கம்ப்ரஸருக்கும் வருஷா வருஷம் பக்கத்துக் கடைக்காரரு வெச்சு உடுவாருங்ணா" என்றார் பஷீர் பாய். பிறகு முகம் சீரியஸானது. "ஆனா, இதை நான் கழுவலாமுங்களா? பூஜை பண்ணுன பொட்டு. நான் பாட்டுக்குத் தேச்சுக் கழுவிப்போட்டா அம்மா மனசு சங்கடப்படாதுங்களா?"

எனக்குத் தலை சுற்றியது. அந்தம்மா இவர் மனசு நோகுமே என்று பயப்படுகிறார். இவர் அந்தம்மா மனசு நோகுமே என்று பயப்படுகிறார். நடுவில் கம்பளத்தோடு நான்!

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அம்மா, பஷீருங்க. கழுவிப்போடலாமுங்களா? உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்களே?"

"ஐயோ, கழுவுங்க பாய். உங்க சாமிக்கு ஒண்ணும் கோவமிருக்காதுங்களே?"

"அவரு பெரியவருங்கம்மா, நீங்க வெசனப்படாதீங்க."

"ஹஸ்ரத்தைக் கேட்டீங்களா?" என்றேன் நான், நடுவில் புகுந்து.

"கேட்டேங்ணா. தொழுகற விரிப்பு சுத்தமா இருந்தாப் போதும்னாரு. நடக்கறதைப் பத்திக் கேக்கறதுக்குள்ள யாரோ வந்துட்டாங்க."

ஜரீனா குழந்தைக்குப் போடுகிற ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து, கையாலேயே ஒற்றி ஒற்றி எடுத்தார். மொட்டை மாடியில் காய வைத்தோம். சிவப்பில் விழுந்த குங்குமம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கம்பளத்தின் சிவப்பு எது, குங்குமத்தின் சிவப்பு எது... யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த வெள்ளை விளக்கு? அது ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறத்தில் நின்றுவிட்டது.

"முந்தி அணைஞ்ச வெளக்காட்ட இருந்துச்சு. இப்பத்தான் பத்த வெச்சாப்பல இருக்குது" என்றார் ஜரீனா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நித்யாவுக்கு அப்படித் தோன்ற வேண்டுமே?

அரை ஈரத்தோடு திரும்பினேன். கேட்டிலேயே காத்திருந்தார் ருக்மணி அம்மா. விரித்துப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி... நீங்களே வெச்சதா இருக்கட்டுமுங்களா? உங்களை அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. எனக்குன்னா அது வேற மாதிரி ஆயிப்போகும்."

எனக்கென்ன? இதைவிடப் பெரிய பழியெல்லாம் சும்மாவே சுமந்தவன் நான். இதற்காவது ஒரு காரணம் இருக்கிறது. "சரீங்கம்மா" என்றேன்.

நித்யா வந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகக் கம்பளத்தைத்தான் பார்த்தது. குனிந்து அந்த விளக்கைத் தடவியது. வீட்டில் டி.வி. மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ருக்மணி அம்மா முந்திக்கொண்டார். "பாரு கண்ணு, வாட்ச்மேன் பண்ணி வெச்சிருக்கற வேலையை! கேக்காமக் கொள்ளாம எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுப்போட்டாரு. படிப்பில்லாத ஆளு, அவருக்கென்ன தெரியும்? நல்லாத் திட்டி உட்டுட்டேன்."

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் அப்படித்தான், உப்புப் போடத் தெரியாதவர் போட்ட உப்பு மாதிரி.

நித்யா நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது. சிரித்துவிட்டது!

"கார்ப்பெட்டுக்கும் ஆயுத பூஜையாங்ணா? சூப்பர் போங்க!" போனை எடுத்துப் படம் பிடித்தது. "அத்தை, பாவம், அவரைப் போயி எதுக்குங்க திட்டுனீங்க? எத்தனையோ பேர் பொழங்குன சாமான். நம்ம ஊட்டுக்கு வந்ததுக்கு ஒரு அடையாளம் வேண்டாமுங்களா?"

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. பெட்டி கட்டவில்லை. ஒரு சுடுசொல் இல்லை. பழி நீங்கியது, ரூம் மிச்சம், தாழ்ப்பாள் மிச்சம் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அங்கேதான் எனக்குக் கணக்கு தப்பியது.

மறுநாளிலிருந்து ருக்மணி அம்மா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். முன்பெல்லாம் காலைக் காபியை அவரே கொண்டுவந்து நீட்டி, ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். இப்போது டம்ளர் காம்பவுண்டுச் சுவர் மேல் இருக்கும். நித்யா என்னிடம் நின்று பேசினால், உள்ளேயிருந்து, "கண்ணு, போன் அடிக்குது பாரு" என்று குரல் வரும். போன் அடித்திருக்காது.

ஒரு நாள் நானே கேட்டேன். "அம்மா, நித்யா பாப்பாதான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கலீங்களே. நீங்க வெச்சதுன்னு சொல்லிப்போட்டா என்னங்க?"

"இப்பச் சொன்னா, அன்னைக்கு ஏஞ் சொல்லலைன்னு கேப்பாளுங்களே தம்பி..." என்றார் செடியைப் பார்த்துக்கொண்டு. "உங்களை வேற படிப்பில்லாதவருன்னு சொல்லிப்போட்டேன்."

"அது நெசந்தானுங்கம்மா."

அவர் அழுதுவிடுவாரோ என்று பயந்துபோனேன். சமாதானம் சொல்லத்தான் சொன்னேன். அது ஏன் அவரை அப்படிக் குத்தியது என்று தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம் பெரியவர் டி.வி.யை மியூட்டில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். மியூட்டில் போட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. "வேற எடம் ஏதாச்சும் பாத்துக்கறீங்களா? நாங்க கேமரா மாட்டறதா இருக்கறோமுங்க" என்றார். கேமரா என்று ஒன்று அதற்குமுன் பேச்சிலேயே இல்லை. சமையலறை வாசலில் ருக்மணி அம்மா நின்றிருந்தார், கையில் பொட்டலத்தோடு.

"போயிட்டு வாரேனுங்கம்மா."

"சூடா இருக்குதுங்க. ஆறறதுக்குள்ள சாப்பிட்டுப்போடுங்க" என்றார் பொட்டலத்திடம்.

நித்யா வீட்டில் இல்லாத நேரம். ஹாலில் கம்பளம் கிடந்தது. அந்தம்மா அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்.

குளத்தோரம் நடந்தபோதும், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தக்காளி சாதத்தைச் சாப்பிட்டபோதும் யோசித்தேன். நித்யா கோபப்பட்டிருந்தால் அந்தப் பொய்க்கு ஒரு பிரயோஜனம் இருந்திருக்கும். நானும் அந்த வீட்டுக்கு உபயோகமான ஆளாக இருந்திருப்பேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. பொய் வீணாகிவிட்டது. வீணான பொய்க்கு ஒரே ஒரு சாட்சி, தினமும் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு எதிரே நிற்கிறான். அதுதான் காரணமா? தப்பு செய்தவரை மன்னிக்கலாம். நம் தப்பைத் தெரிந்தவரை மன்னிக்க முடியாதா? அல்லது, நான்தான் ஏதோ விட்டுவிட்டேனா? அந்தம்மா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூட ஒரு தெளிவு கிடைத்திருக்கும்.

வறுவல் நன்றாக இருந்தது. அதில் குழப்பமில்லை.

டீக்கடைக்காரர் ஒருவர், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகூர்த்த சீசனுக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். மேனேஜர் பெயர்கூடக் கேட்கவில்லை. சுருட்டி வைத்திருந்த ஜமுக்காளங்களைக் காட்டினார். மேடைக்கு முன்னால் விரிக்க வேண்டும், சாயங்காலம் உதறிச் சுருட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து நிமிர்ந்தால், ஒரு கூட்டம் செருப்புக் காலோடு அதன் மேலேயே தடதடவென்று ஏறி வந்தது. நான் வாயைத் திறந்தேன். மேனேஜர் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க, ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க!"